நான் பிந்தி வரவில்லை

மகனுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரியும். நேற்றுத்தான் போனில் உன் குரலைக் கேட்டேன். நானும் சுகம், அப்பாவும் சுகம், விடாமல் மழை, அதனால் றப்பர் பால் வெட்டு இல்லை. விசாரிப்பு இவ்வளவு போதும். எனக்கு உன்மேல் கோபம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. அதனால் நான் பிள்ளை பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் தூங்குகிற நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நீ மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்றில்லை. உன்னோடு புதிதாக வேலைக்குச் சேருகிற டொக்டர் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. தமிழ் தெரியாதவர்களுக்குச் சிங்களத்தில் சொல்லு. உனக்குத்தான் சிங்களம் தண்ணீராக ஓடுகிறதே.

எனக்கும் ஓடும் என்பதை நீ மறந்துவிட்டாய். கலவானப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது என்று போன கிழமை வீட்டுக்கு வந்திருந்தாயே, அன்றைக்குக் குழாயடியில் நின்று உன் சிநேகிதனோடு போனில் பேசினாய். நான் உள்ளே கருவாடு கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே தோட்டத்து நோயாளிகள் நிறைய வருவார்களா என்று அவன் கேட்டிருக்க வேண்டும். நீ சிரித்துக்கொண்டே, தோட்டத்து ஆட்கள் எதையும் பெரிதாக்கித்தான் சொல்லுவார்கள், அதில் பாதியை நம்பினால் போதும் என்றாய். அதோடு விட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். "என் அம்மாவே முகவாதம் வந்து பிந்தித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார், அதனால்தான் கண் பழுதானது" என்றும் சொன்னாய். கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். வெளியே வந்து கேட்டிருப்பேன். நீ புதுச் சட்டை போட்டு, அப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டு, அவ்வளவு சந்தோஷமாக நின்றாய். வாயை மூடிக்கொண்டேன். அந்த வாய் மூடியிருந்தாலும் கோணல்தான் என்பது வேறு விஷயம்.

மகனே, நான் பிந்தி வரவில்லை. முதல் நாளே வந்தேன். காலையிலேயே வந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தும் கிடந்தேன். அப்படியும் என் நோயை யாரும் பார்க்கவில்லை. நடந்ததை உனக்கு நாங்கள் முழுதாகச் சொன்னதே இல்லை. நீ மருத்துவம் படிக்கப் போன முதல் வருஷம் அது, உனக்குப் பரீட்சை. "வாய் கொஞ்சம் கோணிருச்சு, மருந்து எடுக்கிறோம்" என்று மட்டும் அப்பா சொன்னார். மிச்சத்தை நீயாகவே ஊகித்துக்கொண்டாய் போலிருக்கிறது. இப்போது முழுக்கதையையும் கேள்.

வாய் கோணுவதற்கு முந்தின நாளே எனக்கு இடது காதுக்குப் பின்னால் ஒரே குத்து. தேத்தண்ணீர் குடித்தால் நாக்கில் பாதிக்கு ருசி இல்லை. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் அழுதால் இடது காதுக்குள் தகரத்தை அடிக்கிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் அழுகிற பிள்ளைகளுக்கு நடுவிலேயே இருந்தவளுக்கு அன்றைக்கு என்ன இப்படி என்று எனக்கே எரிச்சல். மறுநாள் காலை குழாயடியில் வாய் கொப்பளித்தேன், தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து சட்டை நனைந்தது. அப்பா பால் வெட்டப் போகக் கத்தியோடு கிளம்பி நின்றவர், என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். இடது கண் மூடவில்லை. இடது பக்கம் முழுவதும், நெற்றி உட்பட, இஸ்திரி போட்ட துணி மாதிரி மழமழவென்று கிடந்தது. கை, கால் எல்லாம் நன்றாக இருந்தன. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினோம். அங்கே இருந்த ஐயா கெட்டவர் இல்லை. பார்த்தவுடன் பெரிய டொக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். வண்டி கேட்டு ஆபிசுக்குப் போன் போட்டு, முகம் கோணியிருக்கிறது என்று உள்ளபடி சொன்னார். நடக்க முடியுமென்றால் பஸ்ஸில் போகச் சொல்லு என்று பதில் வந்தது. அன்றைக்குப் பெய்த மழையில் பஸ் எங்கே மேலே வந்தது? யட்டியாந்தோட்டைக்குப் போகிற ரோட்டில் மண் சரிந்து, பாதி வழியிலேயே திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்தில் வண்டி எதற்கெல்லாம் வரும் என்று உனக்குத் தெரியாதா? பிரசவம், பாம்புக்கடி, நெஞ்சுவலி, பாரிசவாதம். மற்றதற்கெல்லாம் நடக்க வேண்டியதுதான். ஐயா போனை வைத்தார். திரும்ப எடுத்து, பாரிசவாதம், ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்றார். வண்டி உடனே வந்தது.

ஏறும்போது ஐயா அப்பாவிடம் சொல்லி அனுப்பினார், அங்கே போயும் இதையே சொல்லுங்கள், இல்லாவிட்டால் காய்ச்சலுக்குக் கொடுக்கிற பனடோலைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று. வண்டிக்குள் அப்பா என் காதோடு குனிந்தார்.

"கையும் வரலன்னு சொல்லு, புள்ள. கையத் தூக்கிறாத."

நான் தூக்கவில்லை. ஆமாம், பொய்தான். நீ சொன்னது போலப் பெரிதாக்கித்தான் சொன்னோம். அதற்காக நான் வெட்கப்படுவேன் என்று எதிர்பார்க்காதே. இந்தப் பழக்கம் எங்கே இருந்து வந்தது என்று தெரியாமல் நீ குழாயடியில் நின்று சிரித்தாயே, அதற்கு நீதான் வெட்கப்பட வேண்டும்.

என் அப்பாவை, உன் தாத்தாவை, நீ பார்த்ததில்லை. வார்த்தைக்கு வார்த்தை அளந்து பேசுகிற மனுஷன். அப்போது இங்கே தேயிலையும் இருந்தது, கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு கூடக் காட்டினாலும் கூடுது என்று சொல்லிவிடுவார். அதற்காக மற்றவர்களிடம் ஏச்சும் வாங்குவார். ஒரு நாள் மத்தியானம் நெஞ்சைத் தடவிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனார். அப்போது இருந்தவர் வேறு ஆள். என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, "கொஞ்சம் நெஞ்சு கரிக்குதுங்க, பெருசா ஒண்ணுமில்லீங்க" என்றார். பெரிதாக ஒன்றுமில்லை என்று அவரே சொன்ன பிறகு யாருக்கு என்ன அக்கறை? வெள்ளை மருந்தை ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்தார்கள். பொழுது சாயுமுன் எங்கள் வரிசை வீட்டு லயத்து வாசலில் செத்துக் கிடந்தார். போத்தலில் மருந்து பாதிகூடக் குறையவில்லை. அன்றைக்கு லயத்தில் இருந்த எல்லாரும் ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள். கொஞ்சம் வலி என்றால் ரொம்ப வலி என்று சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் வலிப்பு என்று சொல்ல வேண்டும். நாங்கள் பொய் சொல்லப் பிறந்தவர்கள் இல்லை, மகனே. உண்மைக்கு வண்டி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேள். வெளிநோயாளர் பிரிவில் இருந்த டொக்டருக்கு முன்னால் கதவு வரைக்கும் ஆட்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் குறை இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். அப்பா சிங்களத்தில் கையும் வரவில்லை என்றார். டொக்டர் என் கையைத் தூக்கிப் பார்த்தார், நான் தொப்பென்று விட்டேன். அவ்வளவுதான், எல்லாம் முடிவாகிவிட்டது. பாரிசவாதம் என்று எழுதி, தலையைப் படம் பிடிக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் வந்தவர்கள் எல்லாரும் நோயை எழுதி வைக்கிற டிக்கட்டில் இருப்பதை வாசித்தார்கள், பிறகு கையைப் பார்த்தார்கள். என் முகத்துக்காக நான் வந்தேன், வந்த எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நெற்றியைச் சுருக்கு என்று ஒருவர் சொல்லவில்லை. கண்ணை இறுக்கி மூடு என்று ஒருவர் சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் குத்துகிறது என்று நானாகவே சொன்னேன். "அது பரவாயில்லை" என்று பதில் வந்தது. அது யாருக்குப் பரவாயில்லை?

சிரிக்காமல் கேள், இன்னொன்றும் நடந்தது. வாட்டில் அடுத்த நாள் காலை நான் மறந்துபோய் இரண்டு கையையும் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மருந்து கொடுக்க வந்த மிஸ்ஸி அதைப் பார்த்துவிட்டார். பிடிபட்டேன் என்று கையைச் சட்டென்று கீழே போட்டேன். மிஸ்ஸிக்கோ ஒரே சந்தோஷம். கை வந்துவிட்டது, மருந்து வேலை செய்கிறது என்று மற்றவர்களுக்கும் சொன்னார். வராத நோய்க்குக் கொடுத்த மருந்து, போகாத கையைக் கொண்டுவந்துவிட்டது. வந்த நோய் முகத்தில் அப்படியே குந்திக்கொண்டிருந்தது.

படம் பிடிக்க முறை வரக் காத்திருந்தோம். படம் வந்த பிறகு, மூளையில் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம், முகம் தானாகச் சரியாகும் என்றார்கள். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் விழுங்க வேண்டிய குளிசை ஒன்று இருக்கிறது என்று உனக்குத் தெரியும், நீ படித்திருக்கிறாய். அந்த நாட்களை நான் ஆஸ்பத்திரிக்குள்ளேயே படுத்துக் கழித்தேன். கண்ணை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. மூடாத கண்ணோடு ஒருத்தியை வீட்டுக்கு அனுப்புகிறோமே, அவள் தூங்கும்போது அந்தக் கண் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு சொட்டு மருந்தும், ஒரு துண்டுப் பிளாஸ்டரும் போதும். அதற்கு எந்தப் படமும் தேவையில்லை.

ஆஸ்பத்திரி சொல்லாமல் விட்டதை லயம் சொல்லிக்கொடுத்தது. கண்ணில் தண்ணீர் வடிய வடிய வாதக் காற்று இறங்குகிறது, துடைக்காதே, மூடாதே என்றார்கள். நானும் மூடவில்லை. அவர்களைத் திட்டாதே. படித்தவர்கள் பேசாமல் போன இடத்தில் யாராவது பேசத்தானே செய்வார்கள்? பிள்ளைக் காம்பராவைக் கூட்டினேன், தூசு. பக்கத்தில் றப்பர் ஷீட் காய வைக்கிற புகைக்கூடம், புகை. கண் சிவந்து, பிறகு குத்தி, பிறகு கறுப்பு விழியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அப்பா பஸ்ஸில் என்னைக் கண் கிளினிக்குக் கூட்டிப் போனார். அந்த முறை வண்டி கேட்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை.

அங்கே இருந்த டொக்டர் சின்னப் பெண், சிங்களப் பிள்ளை. பசியோ களைப்போ, முகத்தில் சிடுசிடுப்பு. ஆனால் அவள்தான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கச் சொன்னாள். கண்ணை மூடச் சொன்னாள், பல்லைக் காட்டச் சொன்னாள், கன்னத்தை ஊதச் சொன்னாள். காதுக்குள் லைட் அடித்துக் கொப்புளம் இருந்ததா என்று கேட்டாள். மூளையில் வருகிற வாதம் என்றால் பெரும்பாலும் நெற்றி சுருங்குமாம். எனக்கு நெற்றியும் சேர்ந்து விழுந்திருப்பதால் இது முகத்து நரம்பில் வந்தது என்றாள். பிறகு பழைய டிக்கட்டைப் பார்த்துவிட்டு, கை உண்மையிலேயே விழுந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"ஏய் அம்மே எஹெம கிவ்வே?" என்றாள். ஏனம்மா அப்படிச் சொன்னீர்கள் என்று.

"உள்ளதச் சொன்னா வண்டி தரமாட்டாங்க, மிஸ்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. பேனையை வைத்தாள். பிறகு அப்பாவைக் கிட்ட கூப்பிட்டு, இமையை எப்படி இழுத்துப் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும் என்று அவர் விரலைப் பிடித்தே காட்டிக்கொடுத்தாள். கண் அதற்கு மேல் மோசமாகவில்லை, ஆனால் போனது போனதுதான். இன்றைக்கும் இடது கண்ணால் பார்த்தால் எல்லாம் ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் நிற்கிறது. உள்ளதைச் சொன்ன என் அப்பா உயிரைக் கொடுத்தார். கூட்டிச் சொன்ன நான் கண்ணைக் கொடுத்தேன். எங்களை எப்படித்தான் பேசச் சொல்கிறாய்?

கண்ணோடு முடிந்ததா? பிள்ளைத்தாய்ச்சிகள் என் முகத்தில் முழிக்கக் கூடாது என்று யாரோ கிளப்பிவிட, முகம் சரியாகும்வரை பிள்ளைக் காம்பராவுக்கு வர வேண்டாம் என்று சொல்லிப் புல்லு வெட்ட அனுப்பினார்கள். வாய் கோணினால் பால் ஊட்டுகிற கையும் கோணுமா என்று ஆபிஸ் வாசலில் நின்று கேட்டேன். குழந்தைகள் பயந்தார்களாம். ஒன்றும் பயப்படவில்லை. அதில் ஒன்று என்னைப் பார்த்துத் தானும் வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரித்தது, அவ்வளவுதான். கடைசியில் நான் போன பிறகு குழந்தைகளின் அழுகையை யாராலும் அடக்க முடியாமல் அவர்களே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நாளைக்கு நீ கதிரையில் உட்காருவாய். பெல்மதுளைப் பக்கமிருந்தோ இறக்குவானைப் பக்கமிருந்தோ ஒருத்தி வாயைத் துணியால் பொத்திக்கொண்டு வருவாள். கூட வந்த புருஷன் கையும் வரவில்லை, காலும் வரவில்லை என்பான். பாதியை நம்பாதே, முழுதையும் கேள். கையையும் காலையும் நன்றாகச் சோதித்துப் பார், உண்மையிலேயே பாரிசவாதமாக இருந்தால் ஒரு நிமிஷமும் வீணாக்காதே. ஆனால் அதோடு எழுந்து போய்விடாதே. முகத்தைப் பார். நெற்றியைத் தூக்கச் சொல். காதைப் பார். என்றைக்குத் தொடங்கியது என்று கேள். புருஷனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளதைச் சொன்னாலும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று அவளிடம் தமிழில் சொல். அந்த ஒரு வசனத்தை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் கையை நானாகவே தூக்கியிருப்பேன். குளிசையை நேரத்துக்குக் கொடு. கண்ணை மூடக் கற்றுக்கொடுக்காமல் வாசல் தாண்ட விடாதே. முகம் தானாகச் சரியாகும் என்று சொன்னால், ஆகாவிட்டால் எப்போது திரும்பி வர வேண்டும் என்றும் சொல். வாட்டில் என்னை யாரும் திரும்பி வரச் சொல்லவில்லை. முகத்துக்கு ஒரு பயிற்சி இருக்கிறது, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு எவ்வளவோ காலம் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது எல்லாவற்றையும்விடப் பெரிய கோபத்துக்கு வருகிறேன். பயிற்சி டொக்டராக உனக்கு முதல் சம்பளம் வந்தபோது எங்களை யட்டியாந்தோட்டைக் கடைக்குக் கூட்டிப்போய் பிரைட் ரைஸ் வாங்கித் தந்தாய். சாப்பிடச் சாப்பிட என் இடது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், உனக்கும் கண் கலங்கிவிட்டது. அம்மா ஆனந்தக் கண்ணீர் வடித்தார் என்று எல்லாரிடமும் சொன்னாய். சொல்லிக்கொண்டே இருக்கிறாய்.

அது ஆனந்தக் கண்ணீர் இல்லை, தம்பி. அந்த நோய்க்குப் பிறகு நான் எதை மென்றாலும் அந்தக் கண்ணில் தண்ணீர் வருகிறது. வெறும் ரொட்டிக்கும் வரும், நேற்றுச் சோற்றுக்கும் வரும். சிரித்தால் கண் சுருங்குகிறது, கண்ணைச் சிமிட்டினால் வாய் இழுக்கிறது. நரம்பு ஆறும்போது வழி மாறிப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பிறகு கண் கிளினிக்குப் போனபோது அந்தப் பெண் டொக்டர் சொன்னாள். இத்தனை வருஷம் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். ஒரு கண் மட்டும் ஏன் அழுகிறது என்று நீ ஒரு தரமாவது கேட்டாயா? உன் புத்தகத்தில் அது இருக்கும், பரீட்சையில் எழுதியும் இருப்பாய். நீ என்னோடு பேசும்போது என் கழுத்தைப் பார்த்துப் பேசுகிறாய். உனக்கு வேதனை என்று எனக்குத் தெரியும். கோணிய முகத்தைப் பார்க்க வெறுப்பு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் உன் வேதனைக்காக என் முகம் பார்க்கப்படாமல் கிடக்க வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வா. திங்கட்கிழமை நீ எத்தனை பேரை வேண்டுமானாலும் பார்த்துக்கொள், அதற்கு முதல் என்னைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் கதிரை போட்டு வைக்கிறேன், வந்து எனக்கு எதிரே உட்கார். அம்மா என்று நினைக்காதே, லயத்திலிருந்து வந்த ஒருத்தி என்று நினைத்துக்கொள். புருவத்தைத் தூக்கச் சொல், நான் தூக்குகிறேன். ஒரு பக்கம்தான் எழும்பும். அந்த மற்றப் பக்கத்தைக் கண்ணை எடுக்காமல் பார்.

அம்மா